காவிரிக் கரையில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி: சொந்தக் கூடாரமா, சொகுசுக் கூடாரமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஓசூரில் இருக்கிறீர்கள். டிசம்பர் விடுமுறையில் இரண்டு குடும்பங்கள், மூன்று பிள்ளைகள் (ஒரு பையனுக்கு 11 வயது, கடைக்குட்டிக்கு 4 வயது), முழங்கால் வலி உள்ள 70 வயது அம்மா. கர்நாடகத்தில் காவிரி காட்டுக்குள் ஓடும் பீமேஸ்வரி பக்கம் இரண்டு ராத்திரி தங்க ஆசை. கிளாம்பிங் என்ற பெயரில் விற்கும் சொகுசுக் கூடாரம் அந்தக் காசுக்குத் தகுமா, இல்லை நாமே இரண்டு கூடாரம் வாங்கி ஆற்றங்கரையில் அடித்துக்கொள்ளலாமா, ஆற்றில் குளிக்கலாமா?

கேள்வி காசைப் பற்றியதாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இரவில் எங்கே படுப்பது என்பதுதான் உண்மையில் முடிவாக வேண்டியது. அது முடிவானால் காசுக் கணக்கு தானாகத் தெளிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் இயற்கை முகாம்களுக்கு அழைத்துப்போகும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். காவிரியின் இந்தப் பகுதி எனக்கு நன்றாகப் பழக்கம். சட்டமும் மருத்துவமும் என் துறை இல்லை. அவற்றில் வேலைக்குத் தேவையான அளவு தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சொந்தக் கூடாரம். சிவனசமுத்திரத்துக்குக் கீழே தொட்டமக்களி, பீமேஸ்வரி, முத்தத்தி, காளிபோரே, சங்கமம், மேகதாது போன்ற இடங்கள் வழியாக ஆறு போகும் பாதை பெரும்பாலும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1987இல் அறிவிக்கப்பட்டு, பிறகு விரிவாக்கப்பட்ட சரணாலயம் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கும் தங்குவதற்கும் அனுமதி வேண்டும். ஆபத்து விளைக்கும் விதத்தில் தீ மூட்டுவது தனிக் குற்றம். அதனால் ‘நல்ல மணல் திட்டாகப் பார்த்து அடித்துக்கொள்வோம்’ என்ற திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். யாரோ அப்படித் தங்கி வீடியோ போட்டிருப்பார்கள். அவர்கள் மாட்டவில்லை என்பதைத் தவிர அந்த வீடியோவில் நமக்கு வேறு தகவல் இல்லை.

அப்படியானால் இரண்டு வழிகள்தான். ஒன்று, கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் முகாம்கள். 1980இல் கபினியில் தொடங்கியவர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் தொட்டமக்களி, பீமேஸ்வரி, காளிபோரே என்று மூன்று இடம் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, சரணாலய எல்லைக்கு வெளியே கனகபுரா பக்கம் பட்டா நிலத்தில் தனியார் நடத்தும் கூடாரத் தளங்கள். அவற்றில் மிக நல்லதும் உண்டு, காட்டு ஓரத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கூத்தடிப்பதும் உண்டு. பெயரைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

அரசு முகாம்களில் உள்ள கூடாரம் நீங்கள் கடையில் பார்க்கும் நைலான் கூடாரம் மாதிரி இருக்காது. மேடை கட்டி, மேலே தனிக் கூரை போட்டு, உள்ளே கட்டில், பின்னால் கழிவறை, குளியலறை என்று நிரந்தரமாக நிற்பது. கான்வாஸ் சுவர் என்பதால் இரவில் ஆற்றுச் சத்தம் முழுக்க உள்ளே வரும், மதியத்தில் வெக்கையும் வரும். தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணத்தில் சாப்பாடு, பரிசல், வழிகாட்டியோடு காட்டு நடை எல்லாம் பொதுவாக அடங்கிவிடும். கட்டணமும் பிள்ளைகளுக்கான சலுகையும் அடிக்கடி மாறுவதால் முன்பதிவின்போது நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா ‘ஒரு ராத்திரிக்கு இவ்வளவா’ என்று பார்த்தால் அதிகமாகத்தான் தெரியும். இரண்டு கூடாரம், பாய், தூக்கப்பை, அடுப்பு, பாத்திரம், விளக்கு, அப்புறம் பட்டா நிலத்துக்காரருக்கு இட வாடகை, மூன்று வேளை சமையலுக்கு இரண்டு பெரியவர்களின் முழு நேர உழைப்பு, இத்தனையையும் கூட்டிப் பாருங்கள். வருடத்துக்கு நாலைந்து முறை போகிற ஆளாக இருந்தால் சொந்தக் கூடாரம் லாபம். ஒரு முறைக்கு இல்லை. அம்மாவுக்கு ராத்திரி இரண்டு முறை எழுந்து போக வேண்டியிருக்கும் என்றால் கட்டிலும் ஒட்டிய கழிவறையும் சொகுசில் சேராது, அது அடிப்படைத் தேவை.

மூன்றில் எது? பதினொரு வயதுப் பையனுக்குக் கயிற்று ஏற்றம், கயாக் என்று ஓடியாட வேண்டுமென்றால் பீமேஸ்வரி. ஆனால் பகலில் வந்து போகும் கூட்டம் அங்கே அதிகம். அமைதி வேண்டுமென்றால் தொட்டமக்களி அல்லது காளிபோரே. உங்கள் இடத்தில் நான் இருந்தால் காளிபோரே எடுப்பேன். ஓசூரிலிருந்து ஆனேக்கல், ஹாரோஹள்ளி, கனகபுரா வழியாக பெங்களூரு நெரிசலுக்குள் போகாமலே சங்கமச் சாலையைப் பிடித்துவிடலாம். எதை எடுத்தாலும் தரைமட்டத்தில், படி குறைவாக உள்ள, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கமான கூடாரம் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. கடைசிப் பகுதி காட்டுச் சாலை, டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டும். மதிய உணவுக்குப் போய்ச் சேர்வது போலக் கிளம்புங்கள்.

இனி ஆறு. இதில்தான் நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பள்ளத்தாக்கில் யானை, பாம்பு எல்லாவற்றையும் விட அதிகம் பேரைக் கொண்டுபோனது தண்ணீர்தான். முத்தத்தி, சங்கமம், மேகதாது மூன்று இடத்திலும் குளிக்கப் போய் இறந்தவர்கள் பற்றிய செய்தி ஏறக்குறைய வருடந்தோறும் வருகிறது. பெரும்பாலும் இளவட்டம், பெரும்பாலும் நகரத்திலிருந்து வந்தவர்கள், நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. காரணம் பாறை. ஆற்றுப்படுகை முழுக்கக் கெட்டிப் பாறை. வெள்ளத்தில் உருளும் கூழாங்கற்கள் காலங்காலமாகச் சுழன்று சுழன்று அதில் குழி குடைந்திருக்கின்றன. மேகதாதுவில் கோடையில் போனால் ஆள் உயரக் குழிகளை நேரிலேயே பார்க்கலாம். தண்ணீர் ஓடும்போது அதே குழிகள் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார், கூடவே சுழலும் பாசியும். இவற்றோடு சதுப்புநில முதலைகளும் இங்கே வாழ்கின்றன. மதியத்தில் பாறை மேல் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பதைப் பரிசலில் போகும்போது பார்ப்பீர்கள்.

ஆகவே ஆற்றில் குளிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். முகாம் ஊழியர் ஓர் இடத்தைக் காட்டி ‘இங்கே மட்டும், இவ்வளவு தூரம் மட்டும்’ என்று சொன்னால், பெரியவர்கள் உயிர்காப்புச் சட்டையோடு இறங்கலாம். 4 வயதுக் குழந்தை கரையில் ஒரு பெரியவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் போனைக் கையில் எடுக்கக் கூடாது. பரிசலில் தரும் உயிர்காப்புச் சட்டை பெரும்பாலும் பெரியவர் அளவில்தான் இருக்கும். சின்னக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் விழுந்தவுடன் சட்டை மேலே வந்துவிடும், குழந்தை கீழே நழுவிவிடும். கால் இடுக்கு வழியாகப் பட்டை வரும் குழந்தைச் சட்டை ஒன்றை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். மொத்தப் பயணத்துக்கும் நீங்கள் வாங்க வேண்டிய ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், இந்த ஆறு உள்ளூர் மழையைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் சேர்கிறது. அங்கே மதகு திறந்தால் பீமேஸ்வரியில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். மேலே சிவனசமுத்திரத்தில் 1902லிருந்து ஓடும் நீர்மின் நிலையம் வேறு இருக்கிறது. கரையில் காலையில் உட்கார்ந்திருந்த பாறை மாலையில் முங்கிக் கிடப்பதற்கு மழை தேவையில்லை. நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, பெங்களூருக்காரர்கள் பலருக்கு இது தோன்றாது. தமிழ்ச் செய்திகளில் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கனஅடி என்று விடாமல் சொல்கிறார்களே, அது இதே தண்ணீர்தான். பீமேஸ்வரியைத் தாண்டித்தான் அது பிலிகுண்டுலுவுக்கு வருகிறது. கிளம்பும் முன் ஒரு வாரம் அந்த எண்ணைக் கவனியுங்கள். ஏறுமுகமாக இருந்தாலோ ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்று வந்தாலோ மேலேயும் நிலைமை அதுதான். 2019 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் வினாடிக்கு இரண்டு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அந்தக் காவிரிக்கும் டிசம்பரில் நீங்கள் பார்க்கப்போகும் காவிரிக்கும் சம்பந்தமே இருக்காது.

டிசம்பர் நல்ல தேர்வுதான். தென்மேற்குப் பருவத்து வெள்ளம் வடிந்திருக்கும், கரை மரங்கள் பசுமையாக இருக்கும், அதிகாலையில் போர்வை கேட்கும் குளிர் இருக்கும். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: வங்கக்கடல் புயல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரை என்ன பாடு பட்டது என்பது உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒன்று உருவானால் ஆற்றை விட, சாலையைக் குறுக்கிடும் சின்ன ஓடைகள்தான் முதலில் வழியை அடைக்கும். மாதக் கடைசியை எடுத்தால் புயல் வாய்ப்பு குறையும், ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் கூடும். ஜனவரியில் பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரக் கடைசி கிடைத்தால் அதுவே உத்தமம். மார்ச் முதல் மே வரை இலையுதிர் காடு காய்ந்து, யானைகள் தண்ணீருக்கு ஆற்றங்கரைக்கு வரும். விலங்கு பார்க்க அதுதான் காலம் என்பார்கள், உண்மையும்கூட. ஆனால் அந்த வெயிலில் கான்வாஸுக்குள் அம்மாவையும் குழந்தையையும் மதியம் படுக்க வைக்க முடியாது.

அரசு முகாமில் இடம் கிடைக்காமல் தனியார் தளம் போக நேர்ந்தால், முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை உண்டு. நிலம் பட்டாவா, சரணாலயத்துக்கு வெளியேவா? இரவில் ஊழியர் யாராவது தளத்திலேயே தங்குவார்களா? கழிவறை எத்தனை அடியில்? கூடாரத்தின் தலைக்கு மேல் பட்ட கிளையோ பழைய மரமோ நிற்கிறதா? ஆற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை நம்பாதீர்கள், போனதும் நீங்களே பாருங்கள். கரை மரங்களின் கிளையிடுக்கில் சருகும் பிளாஸ்டிக்கும் சிக்கித் தொங்கும் உயரம்தான் கடைசி வெள்ளம் வந்த உயரம். கூடாரம் அதற்குக் கீழே இருந்தால் மேட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மெத்தென்று வெள்ளை மணல் விரிந்த இடம் எல்லாரையும் இழுக்கும். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஆறுதான்.

தனியார் தளங்களில் இன்னொரு வழக்கம், கரி அடுப்பில் சுட்டுத் தின்பது. தின்னலாம். ஆனால் குளிராக இருக்கிறது என்று மிச்சக் கங்கைக் கூடாரத்துக்குள் எடுத்துவைத்துத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கூடாரத்தின் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் தவறு. குளிருக்கு இன்னொரு போர்வை, அவ்வளவுதான்.

விலங்குகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது குறைவு. யானை வருமா, சிறுத்தை வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் பதிவு செய்யாதீர்கள். குரங்கு மட்டும் கட்டாயம் வரும், ஜிப்பைத் திறக்கவும் தெரியும். கூடாரத்துக்குள் பிஸ்கட், வாழைப்பழம், முறுக்கு எதுவும் வைக்க வேண்டாம். இருட்டிய பிறகு கூடாரத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே டார்ச் இல்லாமல், ஊழியர் துணை இல்லாமல் நடக்க வேண்டாம். கிளை முறியும் சத்தம் கேட்டால் படம் எடுக்க வெளியே வராதீர்கள். உள்ளேயே இருந்து ஊழியரைக் கூப்பிடுங்கள்.

பாம்பு விஷயத்தில் உப்பு போடுவது, பூண்டு கரைசல், மண்ணெண்ணெய்க் கோடு போன்றவை பலன் தரும் என்று நான் நம்பவில்லை. பலன் தருபவை சாதாரணமானவை: கட்டிலில் படுப்பது, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுவது, காலையில் செருப்பை உதறிப் போடுவது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, அதனால் கடித்ததே தெரியாமல் போகும். விடியலில் ஒருவருக்கு வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் அஜீரணம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அறுக்காமல், இறுக்கிக் கட்டாமல், 108க்குச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். தாலுகா ஊர்கள் கனகபுராவும் மளவள்ளியும். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதை முகாமில் நுழைந்த உடனே மேலாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் பள்ளத்தாக்கில் பல இடங்களில் இருக்காது, அதனால் வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு, அங்கே போனால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கரையோரத்து நீர்மருது மரங்களை அண்ணாந்து பாருங்கள், நீளமான வாலோடு சாம்பல் நிறத்தில் பெரிய அணில் ஒன்று கிளை தாண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் 1988இல் இதற்காகத்தான் அறிவிக்கப்பட்டது. அங்கே கழுத்து வலிக்கத் தேடியும் பார்க்காதவர்கள் இங்கே தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிக்கும், மீன்கழுகு மரத்திலிருந்து சரிந்து இறங்கும். தண்ணீருக்குள்ளே காவிரியின் திமில் மஹசீர் என்ற பெரிய மீன் இருக்கிறது. 1946இல் கபினியில் ஒருவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு எடை. ஒரு காலத்தில் வெளிநாட்டினர் இந்த முகாம்களுக்கு வந்ததே அந்த மீனுக்காகத்தான். பிடித்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். சரணாலயத்துக்குள் அந்தத் தூண்டில் விளையாட்டு இப்போது கிடையாது. 2018இல்தான் அதன் அறிவியல் அடையாளமே உறுதியானது, அதே வருடம் மிக அருகிவிட்ட இனம் என்ற பட்டியலிலும் சேர்ந்தது. பையன் தூண்டில் கொண்டுவருகிறேன் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பரிசலில் அம்மா ஏறலாமா என்பது முழங்காலைப் பொறுத்தது. உட்காரும் இடம் தாழ்வாக இருக்கும், ஏறும்போது ஆடும். ஓட்டுபவரும் இன்னொருவரும் இரு பக்கமும் பிடித்தால் பலருக்கு முடிகிறது. முடியாவிட்டால் கரையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். காலை ஆறரை மணிக்கு அந்த நாற்காலியிலிருந்து தெரியும் பறவைகள் பரிசலில் போகிறவர்களுக்குத் தெரிவதற்குக் குறைவில்லை. ஆற்றுத் தண்ணீரை மட்டும் எங்கேயும் குடிக்காதீர்கள், தெளிவாகத் தெரிந்தாலும். சங்கமத்தில் சேரும் அர்க்காவதி பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு வருகிறது. அதற்கு மேலே காளிபோரேயில் நிலைமை மேல்தான், ஆனால் அங்கேயும் மேலே எத்தனையோ ஊர்களைத் தாண்டி வந்த தண்ணீர்.

திரும்பி வந்த பிறகு கவனிக்க ஒன்று உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காட்டு நடை முடிந்ததும் பிள்ளைகளின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், நெருப்பு வைக்க வேண்டாம். புல்வெளியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், கடித்த உடனே காட்டாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, பயணத்தையே மறந்த பிறகு, காய்ச்சலும் தலைவலியுமாக வரும். சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருக்கும். சரியான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் பொதுவாக நன்றாகக் கேட்கும், தாமதித்தால் சிக்கலாகும். ஜனவரியில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தோம் என்பதை மருத்துவரிடம் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.